மச்சான், விலகு

நெருப்பு சத்தம் போடும். அது எனக்குப் புதிது இல்லை. செங்கல் காளவாசலில் எரிப்பு வேலை பார்த்தவன் நான். பச்சைச் சீமைக்கருவை உஸ்ஸென்று சீறும், ஈர மட்டை பட்டாசு மாதிரி வெடிக்கும், சூளை வாய்க்குள் மேல்காற்று புகுந்தால் நோயாளி முனகுகிற மாதிரியே கேட்கும். வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் அந்த முனகலைக் கேட்டு மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். நான் ஓடியதில்லை. பேய், முனி, காத்துக் கருப்பு எதையும் நான் பார்த்ததில்லை. பார்த்தேன் என்று யாராவது ஆரம்பித்தால் உட்கார்ந்து கேட்டதும் இல்லை, எழுந்து போய்விடுவேன். இப்போது எழுந்து போகிற இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். போனாலும் வருத்தமில்லை. நடந்ததை நடந்த மாதிரி எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் திருநகரைத் தாண்டி உள்ளே இருக்கிறது. முன்பு எங்கள் ஆட்கள் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றார்கள். இப்போது எங்களுக்கும் கொஞ்சம் வயல் உண்டு, மீதி வயல் எல்லாம் பிளாட் ஆகிவிட்டது. எது மாறினாலும் கார்த்திகை அன்று காளியம்மன் கோயில் முன்னால் சொக்கப்பனை கொளுத்துவது மாறவில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காய்ந்த பனைமரத்தைக் கொண்டுவந்து கோயில் பொட்டலில் நடுவோம். அதைச் சுற்றிக் கீழிருந்து மேல் வரை பனை ஓலையைக் கட்டுவோம். கோயிலில் விளக்கு ஏற்றியதும் அந்த விளக்கிலிருந்து நெருப்பு எடுத்து வைப்பார் பூசாரி. எரிந்து முடிந்த கரிக்கட்டையை ஆளுக்கொரு துண்டு எடுத்துப் போய் வயலில் ஊன்றுவார்கள், மாட்டுக் கொட்டகையில் செருகுவார்கள். அவ்வளவுதான் விஷயம்.

மரத்தை நடுகிற வேலை இரண்டு வீட்டுக்கு உரியது. ஒரு வீடு அடி பிடிக்கும், ஒரு வீடு தலை பிடிக்கும். பிடிக்கிற இரண்டு பேரும் மாமன் மச்சான் முறையாக இருக்க வேண்டும், பங்காளிகள் பிடிக்கக் கூடாது. ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அடி எங்கள் வீடு. தலை என் மனைவி பஞ்சவர்ணத்தின் அண்ணன் வீரணன் வீடு. எனக்கு அவர் மச்சான், வயதில் மூத்தவர்.

நட்டதோடு வேலை முடியாது. மரத்தின் உச்சியில் இரண்டு சங்கிலி கட்டி ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தலை பிடித்தவர் நிற்கிற பக்கம் வெறும் பொட்டல். மரம் அந்தப் பக்கம்தான் விழ வேண்டும். ஓலை எல்லாம் எரிந்து மரம் கரியானதும் அவர் தன் சங்கிலியை இழுத்து மரத்தைச் சாய்ப்பார், சட்டென்று விழுந்துவிடாமல் நான் என் பக்கம் பிடித்திருப்பேன். விடுவதற்கு முன்னால் நான் ஒரு வார்த்தை கூப்பிட வேண்டும். "மச்சான், விலகு." அவர் சங்கிலியைப் போட்டுவிட்டு ஓரமாகப் போய், "விலகிட்டேன், விடு மாப்ள" என்பார். அப்புறம்தான் நான் விடுவேன். மற்ற நாளில் நான் அவரை வாங்க போங்க என்றுதான் பேசுவேன். அந்த இடத்தில் மட்டும் மரியாதை கிடையாது. எங்கள் அப்பா அப்படித்தான் கூப்பிட்டார், அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான்.

எங்கள் மகள் கவிதா பெரிய மனுஷி ஆனபோது சடங்கு வைத்தோம். தாய்மாமன் பச்சை ஓலை கொண்டுவந்து குடிசை கட்ட வேண்டும். மச்சான் வண்டியூரில் இருந்து ஓலை ஏற்றி வந்தார், வழியில் வண்டி நின்றுவிட்டது. நல்ல நேரம் போகிறது என்று எங்கள் பங்காளிகள் ஓலையைப் பின்னிக் குடிசையை எழுப்பிவிட்டார்கள். நான் தடுக்கவில்லை. அவர் வந்தார், குடிசையைப் பார்த்தார், சீர்த்தட்டைத் தெருவிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். நான் பின்னால் போய்க் கூப்பிடவில்லை, அவர் திரும்பிப் பார்க்கவில்லை. யார் மேல் தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதோடு பேச்சு நின்றது. பஞ்சவர்ணத்துக்கு அப்பா அம்மா இல்லை, பிறந்த வீடு என்றால் அந்த அண்ணன் ஒருவர்தான். பொங்கலுக்குச் சீர் வராத வீட்டில் அவள் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆனால் கார்த்திகை வந்தால் அடியும் தலையும் நாங்கள்தான் பிடிக்க வேண்டும். பிடித்தோம். பேசாமல் பிடித்தோம். நடுவில் சோணைப் பூசாரி நிற்பார். "தலப்பக்கம் இன்னுங் கொஞ்சம் தூக்கச் சொல்லுங்க பூசாரி" என்பேன். அவர் சொல்வதற்கு முன்னாலேயே மச்சான், "எனக்குக் காது கேக்குதுன்னு சொல்லுங்க பூசாரி" என்பார். ஊர் சிரிக்கும். மரத்தைச் சாய்க்கிற நேரத்தில் நான் கூப்பிட வேண்டிய வார்த்தையைப் பூசாரி கூப்பிட்டார். அவருக்கு இது பிடிக்கவில்லை. "ரெண்டு பேருக்கும் நடுவுல என்னையத் தபால்காரனா ஆக்கிட்டீங்களேடா" என்று திட்டுவார். இப்படியே சில வருஷம் போனது.

அந்த வருஷம் கவிதாவுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தோம். கார்த்திகை போனால் தையில் கல்யாணம். மணமேடையில் தாய்மாமன் நிற்க வேண்டும். பத்திரிகை வைக்க மச்சான் வீட்டுக்குப் போக வேண்டும், போய் என்னவென்று ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கார்த்திகை அன்று காலையில் நான் கிளம்பும்போது பஞ்சவர்ணம் வாசலில் நின்று சொன்னாள். "இன்னைக்காவது வாயத் தெறந்து ஒத்த வார்த்த சொல்லிருங்க. வேற ஒண்ணும் கேக்கல." துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டேன்.

மரத்துக்குத்தான் அந்த வருஷம் பாடு. பச்சைப் பனையை இப்போது சும்மா வெட்ட முடியாது, கலெக்டர் அனுமதி வேண்டும். பட்டுப்போன மரமாகத் தேடினோம். கண்மாய்க் கரையில் ஒன்று நின்றது, இடி விழுந்து தலை கருகிய மரம். பூசாரி வேண்டாம் என்றார். "அதுக்கு வானத்துல இருந்தே கொள்ளி வச்சாச்சுப்பா. வச்ச மரத்துக்கு மறுக்கா வைக்கக் கூடாது." விழாக் கமிட்டிப் பையன்கள், வேறு மரம் இருந்தால் நீங்களே காட்டுங்கள் என்றார்கள். அவரால் காட்ட முடியவில்லை. அதையே டிராக்டரில் இழுத்து வந்தோம்.

பொட்டலில் போட்டு அரிவாள் பின்பக்கத்தால் தட்டினேன். உடுக்கு மாதிரி சத்தம் வந்தது. உள்ளே முழுக்கக் கோறை. பஞ்சு மாதிரி இருக்கிற நடுச்சோறு எல்லாம் உதிர்ந்து வெறும் குழாயாக இருந்தது. காதை வைத்துப் பார்த்தேன். அந்தப் பக்கம் மச்சானும் காதை வைத்தார். மரத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் காதை வைத்துக் குனிந்திருக்கிறோம், கண் நேருக்கு நேர் பார்த்துவிட்டது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் எழுந்துவிட்டேன். உள்ளே என்ன கேட்டது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. காற்று என்று நினைத்துக்கொண்டேன்.

மரத்தை நட்டோம். ஓலை கட்டினோம். பொழுது சாய்ந்து நிலா வயல் பக்கம் கிளம்பும்போது கோயிலில் விளக்கு ஏற்றினார்கள். ஊர்ச் சனம் எல்லாம் பொட்டலைச் சுற்றி நின்றது. பிளாட்டில் புதிதாக வீடு கட்டி வந்தவர்களும் வந்திருந்தார்கள். அதில் சாந்தாராம் என்று ஒருவர். சௌராஷ்டிரக்காரர், டவுனில் சேலை வியாபாரம், எங்களிடம் தமிழ் பேசுவார், வீட்டுக்குள் அவர்கள் பாஷை. அவரும் அவர் மனைவியும் என் பக்கத்துக் கூட்டத்தில் நின்றார்கள். அவர் கையில் போன் இருந்தது, வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் துண்டை நனைத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டினேன். சூளை வேலையில் வந்த பழக்கம். இரண்டு கையிலும் ஈரச் சாக்கைச் சுற்றிச் சங்கிலியைப் பிடித்தேன். எதிர்ப்பக்கம் மச்சான் பிடித்தார்.

பூசாரி நெருப்பு வைத்தார். ஓலை பற்றியது. பெண்கள் குலவை போட்டார்கள். எப்போதும் போல ஒரே வீச்சில் மேலே ஏறியது, பொறி பறந்தது, முகமெல்லாம் சுட்டது. அது வரை எல்லாம் ஒவ்வொரு வருஷமும் நடக்கிற மாதிரிதான்.

அப்புறம் நெருப்பு மரத்துக்குள் போனது.

இதை நான் எப்படிச் சொன்னாலும் குறைவாகத்தான் இருக்கும். கோறையான மரம், கீழே எங்கேயோ வெடிப்பு, அதன் வழியாகக் காற்று உள்ளே இழுத்தது. இழுத்ததும் மரம் ஊத ஆரம்பித்தது. சங்கு ஊதுகிற சத்தம், ஆனால் மூச்சு முடியாத சங்கு. தரை வழியாக என் உள்ளங்காலில் அந்தச் சத்தம் ஏறியது. வெளியே ஓலை எல்லாம் எரிந்து உதிர்ந்துவிட்டது, ஆனால் மரத்தின் உச்சியில் இருந்து வெள்ளையாக ஒரு சுடர் நேராக மேலே நின்றது. ஆடவில்லை. அவ்வளவு காற்றில் ஆடவில்லை. மரமே விளக்காக நின்றது. குலவை நின்றுவிட்டது. பையன்கள் பட்டாசு போடுவதை விட்டுவிட்டார்கள். ஆண்கள் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்கள், யாரும் சொல்லவில்லை, தானாகக் கட்டினார்கள். சோணைப் பூசாரி தரையில் விழுந்து கும்பிட்டவர் எழுந்திருக்கவே இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. புகை என்று சொல்லலாம். புகை மச்சான் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது.

எம்புட்டு நேரம் அப்படி நின்றது என்று தெரியாது. திடீரென்று என் கையில் சங்கிலி தொய்ந்தது. உச்சி கரிந்து உதிர்ந்து என் சங்கிலி உருவிக்கொண்டது. மரம் என் பிடியில் இல்லை. அடியில் மடக்கென்று ஒரு சத்தம். மரம் சாய்ந்தது, மச்சான் பக்கம்.

அவர் பார்க்கவில்லை. புகைக்கு முகத்தைத் திருப்பித் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மரம் சாய்வதை நான் பார்க்கிறேன். கூப்பிட வேண்டும். அந்த வார்த்தை எனக்குத் தெரியும், அது என் வார்த்தை, நான் பிறந்த வீட்டுக்கே அந்த வார்த்தைதான் உரிமை. வாய் திறக்கவில்லை. ரோஷத்தால் இல்லை, அதை மட்டும் சத்தியமாகச் சொல்வேன். பல்லோடு பல் ஒட்டிவிட்டது. நாக்கு எழவில்லை.

"மச்சான், விலகு."

கேட்டது. என் குரல். என் வாயிலிருந்து வரவில்லை. எனக்கு முன்னால் இருந்து வந்தது, நெருப்புக்குள் இருந்து. நம்புங்கள், நம்பாமல் போங்கள், என் குரல் என் முகத்துக்கு நேராக வந்து என்னைத் தாண்டிப் போனது.

மச்சான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சங்கிலியைப் போட்டுவிட்டு ஒரே தாவு. அவர் நின்ற இடத்தில் மரம் விழுந்தது. அவருடைய சங்கிலி அதற்கு அடியில் புதைந்தது. பொறி எழும்பி நிலாவை மறைத்தது. புகைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து அவர் சத்தம் வந்தது.

"விலகிட்டேன் மாப்ள."

கூட்டம் அப்போதுதான் மூச்சு விட்டது. அவர் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். நான் வெறும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாக்கு நழுவியிருந்தது எனக்குத் தெரியவில்லை. என் விரலை ஒவ்வொன்றாக அவர் பிரித்தார்.

"கைய விடுங்க மாப்ள. சுடுது."

அன்றைக்கு ராத்திரி அவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். பஞ்சவர்ணம் கார்த்திகைப் பொரியைக் குவித்து வைத்தாள், இலையில் அப்பத்தை மேலும் மேலும் வைத்தாள். "போதும்மா. உன் புருசன் காப்பாத்துனது நீ சோறு போட்டுக் கொல்றதுக்கா?" என்றார் அவர். அவள் சிரித்தாள், அப்புறம் அழுதாள். என்னைப் பார்த்து, "சொல்லிட்டீங்கள்ல" என்றாள். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது?

கை கழுவும்போது மச்சான் மெதுவாகக் கேட்டார். "மாப்ள, மரத்துல காது வச்சீங்களே. என்ன கேட்டுச்சு?"

"காத்து" என்றேன்.

"எனக்கு நம்ம கூட்டம் கேட்டுச்சு. கொலவச் சத்தம். மத்தியான நேரத்துல, வெறும் பொட்டல்ல."

எனக்கும் அதுதான் கேட்டது. நான் சொல்லவில்லை.

சில நாள் கழித்து சாந்தாராம் வீட்டுக்குக் கூப்பிட்டார். தனியாக வரச் சொன்னார். போனை என் கையில் கொடுத்தார். வீடியோவில் நெருப்பு வெளிச்சத்தில் என் முகம் நன்றாகத் தெரிந்தது. ஈரத்துண்டு வாயோடு ஒட்டியிருக்கிறது, உதடு இருக்கிற இடம்கூடத் தெரிகிறது. மரம் சாய்கிறது. "மச்சான், விலகு" என்று கேட்கிறது. துண்டு அசையவில்லை.

அவர் மறுபடி போட்டார். மறுபடியும் அசையவில்லை.

"துணி கட்டுன சத்தமா இல்லண்ணே இது. பக்கத்துல நின்னு பேசுற மாதிரி இருக்கு" என்றார்.

குரல் என்னுடையதுதான், ஆனால் கொஞ்சம் கரகரத்துக் கேட்டது. புகையில் கட்டியிருக்கும் என்றேன். கட்டினால் வாய் அசைய வேண்டாமா என்று அவர் கேட்கவில்லை, மரியாதைக்காரர். அந்தச் சத்தத்துக்குப் பின்னாலேயே யாரோ சிரிக்கிற மாதிரியும் முணுமுணுக்கிற மாதிரியும் ஏதோ கேட்டது. அந்த நேரத்தில் அந்தக் கூட்டத்தில் யார் சிரித்திருப்பார்கள்? அதற்கும் அப்புறம்தான் மச்சானின் "விலகிட்டேன் மாப்ள" வந்தது. நடுவில் ஒரு பெண் குரல், சாந்தாராம் மனைவிதான், அவர்கள் பாஷையில் ஏதோ கேட்கிறார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். சாந்தாராம் சொல்ல யோசித்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"நெருப்புக்குள்ள யாரு இருக்காங்கன்னு கேக்குறாண்ணே" என்றார்.

கல்யாணம் நடந்தது. தாய்மாமன் மேடையில் நின்றார், பட்டு வேட்டி, கழுத்தில் மாலை, என்னைவிட அவருக்குத்தான் அதிகாரம். அந்த வருஷத்தோடு மரத்தைச் சாய்க்கிற வழக்கத்தை ஊர்க் கூட்டத்தில் விட்டுவிட்டார்கள். சுற்றிலும் கம்பி வேலி போட்டு உள்ளே தானாக எரிந்து விழட்டும் என்று முடிவு செய்தார்கள். சங்கிலி இல்லை, கூப்பிடுவதும் இல்லை. அடியும் தலையும் பிடிப்பதோடு சரி, அப்புறம் நானும் மச்சானும் ஒரே பக்கம் நின்று வேடிக்கை பார்ப்போம். வீடியோ மச்சான் போனுக்கும் போய்விட்டது. அவருக்கு அது சலிக்காது. அதில் அவர் பார்ப்பது தான் தாவுகிற தாவலை மட்டும்தான். வருகிறவர் போகிறவருக்கு எல்லாம் காட்டுவார். "எம் மாப்ள கூப்பிடலைன்னா எனக்கு அன்னைக்கே சங்கு" என்பார். நான் சும்மா இருப்பேன். என்னிடம் யாரும் பேச்சை எதிர்பார்ப்பதில்லை, அது ஒரு வசதி.

இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

போன வருஷம் ஆடியில் எனக்குத் தொண்டையில் கட்டி. காளவாசல் புகை என்றார்கள். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள், கெட்ட கட்டி இல்லை. ஆனால் குரல் மாறிவிட்டது. தகரத்தில் மண் உரசுகிற மாதிரி ஆகிவிட்டது. பேசுவதே குறைவு, அதனால் பெரிய நஷ்டம் இல்லை என்று பஞ்சவர்ணம் கேலி செய்வாள்.

ஐப்பசி மழை நேரம், கவிதா மாப்பிள்ளையோடு வந்திருந்தாள். மச்சானும் இருந்தார். மாப்பிள்ளைக்கு வீடியோவை மறுபடி போட்டுக் காட்டினார், சத்தம் முழுக்க வைத்து. நான் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தேன். போனில் அந்த இடம் வந்தது. உடனே அடுப்படியில் இருந்து பஞ்சவர்ணம் பேசினாள்.

"எங்கண்ணன எதுக்குங்க வெலகச் சொல்றீங்க? இருக்கட்டும், சோறு எடுத்து வைக்கிறேன்."

மச்சான் சிரித்தார். "வீடியோம்மா. மாப்ள வாய் நெறைய வெத்தலயில்ல வச்சிருக்காரு."

அவள் கரண்டியோடு வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். "இன்னொருக்கா போடுங்க" என்றாள். போட்டார். அவள் முகம் மாறியது.

"இது இப்ப உள்ள தொண்டையில்ல? அன்னைக்கு இவருக்கு இப்படி இல்லையே."

மழை பெய்துகொண்டிருந்தது. மச்சான் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். "பொகை" என்றார். "அன்னைக்கு நல்ல பொகை." அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் கார்த்திகை. மரம் நட்டோம். இந்தத் தடவை நல்ல மரம், வெள்ளத்தில் சாய்ந்தது, இடியும் இல்லை ஒன்றும் இல்லை. நெருப்பு வைத்தார்கள். வேலிக்கு வெளியே நானும் மச்சானும் தோளோடு தோள் நின்றோம். பொட்டல் பக்கம் ஓர் ஆள்கூட இல்லை. நான் என்ன நினைத்தேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு வார்த்தை எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கிறது, அது இன்னும் கிளம்பவில்லை. கிளம்பாமல் விட்டால் அன்றைக்கு அங்கே நின்றவர் என்ன ஆவார்? இப்படித்தான் ஓடியது புத்தி. ஓலை முழுக்கப் பற்றி உச்சிக்குப் போனபோது வாயில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தேன். நெருப்பைப் பார்த்து, இருக்கிற தொண்டையை எல்லாம் சேர்த்துக் கூப்பிட்டேன்.

"மச்சான், விலகு."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் நின்ற மச்சான் ஒரு கணம் திகைத்தார். அப்புறம் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"எங்குட்டு மாப்ள விலக? இங்கனதான நிக்கிறேன்."

நான் அவிழ்த்த துண்டைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டேன். மச்சான் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், குளிருகிறதா என்று கேட்டார், நெருப்புக்கு முன்னால்.

வீட்டுக்கு வந்து, கார்த்திகைக்கு வந்திருந்த கவிதாவிடம் அந்த வீடியோ இருந்த போனையும் காதில் மாட்டுகிற ஒயரையும் வாங்கினேன். அந்தப் பழைய வீடியோவைப் போட்டேன். மரம் ஊதுகிறது. "மச்சான், விலகு." அதற்குப் பின்னால் அந்தச் சிரிப்பு. அந்த முணுமுணுப்பு. இத்தனை வருஷம் யாருக்கும் புரியாதது எனக்கு அப்போது தெளிவாகப் புரிந்தது. இங்கனதான நிக்கிறேன். மச்சான் குரல், சிரித்துக்கொண்டே. அது முடிந்ததும் புகைக்கு அந்தப் பக்கம் இருந்து மூச்சு வாங்கிக்கொண்டு அதே மச்சான் குரல், விலகிட்டேன் மாப்ள.

ஒயரைக் கழற்றி வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பஞ்சவர்ணத்திடம்கூடச் சொல்லவில்லை.

மச்சான் இப்போதும் வருகிறவர்களிடம், எம் மாப்ள கூப்பிட்டாரு, நான் பொழச்சேன் என்று சொல்கிறார். அதில் பொய் இல்லை. கூப்பிட்டது நான்தான். எப்போது கூப்பிட்டேன் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

இந்தக் கார்த்திகைக்கு மரம் பார்த்தாகிவிட்டது. நேற்று போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். மச்சான் வழக்கம் போல அரிவாள் பின்பக்கத்தால் தட்டினார். உள்ளே கோறை. அவர் குனிந்து காதை வைக்கப் போனார். நான் அவர் தோளைப் பிடித்து இழுத்துவிட்டேன். ஏன் மாப்ள என்று கேட்டார். எறும்பு இருக்கிறது என்று சொன்னேன்.